பச்சையாகிப் போன தடாகமும் பூட்டிக் கிடக்கும் வீடும்

கனடாவிலிருந்து சித்தப்பா குடும்பம் நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதற்கு எட்டு நாட்கள் இருந்தபோது எனக்கு வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வலிகாமத்தில் அவர் கட்டிய வீட்டின் பின்வளவில் இருக்கும் சிறிய நீச்சல் தடாகம். நீல ஓடுகள் தெரியவேண்டிய இடத்தில் கடும் பச்சை. கீழே ஒரு குரல்பதிவு: “பிள்ளை, ஒருக்காப் போய்ப் பார். போன கிழமைதான் மருந்து போட்டது எண்டு பெடியன் சொன்னவன். பிறகேன் தண்ணி இப்பிடிக் கிடக்குது?”

போய்ப் பார்த்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து வந்த இருபது வயதைத் தாண்டிய ஒரு தம்பி. மரங்களுக்குத் தண்ணீர் விடுவது, முற்றம் கூட்டுவது, இரவில் லைற் போடுவது, அதோடு சேர்த்து இந்தத் தடாகம். தடாகத்தை எப்படிப் பராமரிப்பது என்று யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பம்ப் அறையில் ஒரு வாளி வெள்ளைத் தூளும் ஒரு கான் அசிட்டும் இருந்தன. இரண்டுக்கும் அவர் வைத்திருந்த பெயர் ஒன்றுதான்: மருந்து. பச்சை போகவில்லையே என்று இரண்டையும் ஒரே வாளிக்குள் கலந்திருக்கிறார்.

“வாளிக்குள்ள இருந்து புகை கிளம்பினது அக்கா. மூச்சு அடைச்சுப் போச்சு. வெளியால ஓடிட்டன்.”

அதன்பிறகு மூன்று நாள் இருமியிருக்கிறார். வேலை போய்விடும் என்ற பயத்தில் சித்தப்பாவுக்குச் சொல்லவில்லை. வைத்தியசாலைக்கும் போகவில்லை.

ஊடகக் கற்கை படித்த எனக்கு இரசாயனவியல் சாதாரண தரத்தோடு முடிந்த பாடம். அந்தப் புகை என்னவென்று தேடத் தொடங்கித்தான் இந்தக் கட்டுரை வரை வந்தேன். நீச்சல் தடாகம் பணக்காரரின் பிரச்சினை, எங்களுக்கு என்ன என்று கேட்கலாம். ஆனால் விடுதிகளிலும் வெளிநாட்டுக் காசில் கட்டிய வீடுகளிலும் தடாகத்துக்குள் இறங்கிப் பாசி உரஞ்சுபவர்கள் எங்களுடைய பிள்ளைகள்தான். அந்த வீடுகளின் மதிலுக்கு அடுத்த பக்கத்தில் இருக்கும் கிணறுகளும் எங்களுடையவைதான்.

ஒலிம்பிக்கிலும் நடந்தது

தடாகம் பச்சையானதற்குத் தம்பியைத் திட்டுவதற்கு முன் 2016 ஆம் ஆண்டைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கவேண்டும். பிரேசிலின் றியோ டி ஜெனிரோ நகரில் ஒலிம்பிக். நீரில் பாயும் போட்டிகள் மரியா லெங்க் நீர்விளையாட்டு மையத்தில் நடந்தன. கூரை இல்லாத, திறந்தவெளி மையம். ஓகஸ்ட் 8 ஆம் திகதி நீலமாக இருந்த தடாகம் 9 ஆம் திகதி பெண்கள் போட்டி நடக்கும்போது பச்சையாக மாறியது. உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்துத் தடாகமும் பின்னால் பச்சை பிடித்தது. அங்கே விளையாடிய வோட்டர் போலோ வீரர்கள் கண் எரிகிறது என்றார்கள்.

ஏற்பாட்டாளர்கள் முதலில் சொன்ன காரணங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. வெப்பம் என்றார்கள், காற்றில்லை என்றார்கள். நீச்சல் சம்மேளனம் தொட்டிகளில் இரசாயனம் தீர்ந்துபோனதாகச் சொன்னது. உண்மை சில நாட்கள் கழித்துத்தான் வெளியே வந்தது. ஆரம்ப விழா நடந்த ஓகஸ்ட் 5 ஆம் திகதி, ஒப்பந்தக்காரர் ஒருவர் 80 லீற்றர் ஐதரசன் பேரொட்சைட்டைத் தடாகத்துக்குள் ஊற்றியிருந்தார். அதுவும் கிருமிகொல்லிதான். தனியாகப் பாவித்தால் அதற்கும் ஒரு பயன் உண்டு. ஆனால் குளோரின் இருக்கும் தண்ணீருக்குள் போனால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். மிஞ்சுவது ஒட்சிசனும் உப்பும் தண்ணீரும். பாசியைத் தடுத்துக்கொண்டிருந்த காவல் இல்லாமல் போய்விட்டது. அதைவிட மோசமாக, குளோரின் அளவைக் காட்டும் இலத்திரனியல் கருவி எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது.

ஒத்திசைவு நீச்சல் தொடங்க ஒரு நாள்தான் இருந்தது. அந்தப் போட்டியில் வீராங்கனைகள் தண்ணீருக்குக் கீழே ஒருவரையொருவர் பார்க்கவேண்டும். சுத்திகரித்துக்கொண்டிருக்க நேரமில்லை. அந்தத் தடாகத்தின் தண்ணீரை வெளியேற்றிவிட்டு, பயிற்சித் தடாகத்திலிருந்து சுமார் 37 இலட்சம் லீற்றர் தண்ணீரை இரவோடிரவாக மாற்றினார்கள்.

பணமும் நிபுணர்களும் கருவிகளும் இருந்த இடத்தில், கிருமிகொல்லிகள் இரண்டும் நல்லவைதானே என்று யாரோ ஒருவர் சேர்த்ததால் வந்த வினை இது. வலிகாமத்தில் ஒரு தம்பி செய்ததும் ஏறத்தாழ அதேதான்.

பாசி எங்கிருந்து வருகிறது

பாசியை யாரும் கொண்டுவந்து போடத் தேவையில்லை. காற்றில், மழையில், காலில் ஒட்டிய மண்ணில் அதன் வித்திகள் வந்துகொண்டே இருக்கும். வெளிச்சமும் சூடும் உணவும் கிடைத்தால் ஓரிரு நாட்களில் பெருகிவிடும். வெயிலும் வெப்பமும் எங்களிடம் வருடம் முழுக்க உண்டு. ஆகவே தடாகத்தில் பாசி வராமலிருப்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான்: தண்ணீரில் எந்த நேரமும் போதிய குளோரின் இருப்பது. ஒரு லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரை என்பது வழமையான அளவு. எப்போதோ ஒருநாள் நிறையப் போட்டுவிட்டு மற்ற நாட்களில் மறந்துவிடுவது உதவாது.

குளோரினை முதலில் தின்பது வெயில். பாதுகாப்பில்லாத குளோரின் நேரடி வெயிலில் ஒரு மணித்தியாலத்துக்குள் பாதிக்கு மேல் அழிந்துவிடும். காலையில் போட்ட மருந்து மத்தியானம் இல்லை. இதனால்தான் சயனூரிக் அமிலம் என்ற ஒன்றைச் சேர்ப்பார்கள். அது குளோரினுக்குக் குடை பிடிப்பது போன்றது. கடைகளில் கிடைக்கும் மெதுவாகக் கரையும் பெரிய வெள்ளை வில்லைகளில் பெரும்பாலானவற்றுக்குள் அது ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் குளோரின் செலவாகிவிட, சயனூரிக் அமிலம் செலவாகாமல் தண்ணீரிலேயே தங்கும். மாதக்கணக்காக வில்லையை மட்டும் போட்டுவந்தால் குடை பெரிதாகிப் பெரிதாகி, குளோரின் வேலை செய்யவே முடியாமல் மந்தமாகிவிடும். சோதனையில் குளோரின் இருப்பதாகக் காட்டும், தண்ணீர் பச்சையாகவே இருக்கும். கொஞ்சத் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை. லீற்றருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் சயனூரிக் அமிலம் போதும்.

அடுத்தது பிஎச் பெறுமானம், அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மை. குளோரின் தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று வேகமாகக் கொல்லும், மற்றது சோம்பேறி. பிஎச் 7.5 இல் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி. 8 ஐத் தொட்டால் வேலை செய்யும் பங்கு நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும். போட்ட மருந்தில் முக்கால் பங்கு வீண். தடாகத்தை 7.2 க்கும் 7.8 க்கும் இடையில் வைத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

இங்கேதான் யாழ்ப்பாணத்தின் கதை தனிக்கதையாகிறது. எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் படலம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடினநீரைத் தடாகத்தில் நிரப்பினால் பிஎச் மேலே ஏறிக்கொண்டே இருக்கும். அதற்குள் கல்சியம் கலந்த குளோரின் தூளைப் போடும்போது பிஎச் இன்னும் ஏறும், கல்சியமும் கூடும், தண்ணீர் பால்போலக் கலங்கும். அதைப் பாசி என்று நினைத்து மேலும் தூள் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மற்றது நைத்திரேற்று. தோட்ட உரத்திலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் எங்கள் கிணறுகளுக்குள் நைத்திரேற்று இறங்குவது பற்றிப் பல தசாப்தங்களாக ஆய்வாளர்கள் எழுதிவருகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டிய கிணறுகள் வலிகாமத்தில் உண்டு. வெங்காயத்துக்குப் போட்ட யூரியா பாசிக்கும் உரம்தான். அந்தக் கிணற்று நீரால் நிரப்பிய தடாகத்தில் பாசிக்குச் சாப்பாடு ஏற்கெனவே பரிமாறியிருக்கிறது.

பச்சையை நீக்குவது

சித்தப்பாவின் தடாகம் 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், சராசரி ஒன்றரை மீற்றர் ஆழம். பெருக்கினால் 48 கன மீற்றர், அதாவது 48,000 லீற்றர். தம்பிக்கு இந்தக் கணக்குத் தெரியாது. எனக்கும் முதலில் தெரியாது. இது தெரியாமல் எவ்வளவு மருந்து போடுவது என்பதைச் சொல்லவே முடியாது.

முதல் வேலை மருந்து போடுவதல்ல. இலை குப்பைகளை வலையால் அள்ளி எடுக்கவேண்டும். அடியில் அழுகும் ஒவ்வொரு இலையும் குளோரினைக் குடிக்கும். பிறகு சுவர்களையும் படிகளின் மூலைகளையும் தூரிகையால் உரஞ்சவேண்டும். பாசி தன்னைச் சுற்றி வழுவழுப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். அதைக் கிழிக்காமல் எவ்வளவு குளோரின் போட்டாலும் உள்ளே இறங்காது. கறுப்புப் புள்ளிகளாக ஒட்டிக்கொள்ளும் வகை இன்னும் பிடிவாதமானது. அது சீமெந்தின் துளைகளுக்குள் வேர்போல இறங்கியிருக்கும், அதற்குக் கம்பித் தூரிகைதான் வேண்டும். ஓடு பதித்த சுவரில் கம்பியைப் போட்டுக் கீறிவிடக்கூடாது.

அடுத்து பிஎச்சைச் சோதித்து 7.2 அளவுக்குக் கொண்டுவரவேண்டும். அதன்பின் பொழுதுபட்ட பிறகு, வெயில் இல்லாத நேரத்தில், லீற்றருக்கு குறைந்தது 10 மில்லிகிராம் வரும்படி குளோரின். 48,000 லீற்றருக்கு 480 கிராம் தூய குளோரின் தேவை. கடையில் கிடைக்கும் கல்சியம் ஐப்போகுளோரைற்றுத் தூளில் 65 சதவீதம்தான் குளோரின் என்றால், முக்கால் கிலோ அளவில் வரும். சுகாதாரத் திணைக்களத்தினர் கிணற்றுக்குப் போடும் ரீசீஎல் தூளில் குளோரின் பங்கு 30 சதவீதமளவில்தான், அதில் 1.6 கிலோ வேண்டும். பொதியில் இருக்கும் சதவீதத்தைப் பார்க்காமல் ‘இரண்டு பேணி’ என்று அளப்பதால்தான் ஒருநாள் குறைந்தும் ஒருநாள் கூடியும் போகிறது.

மோட்டரை இரவு பகலாக ஓடவிடவேண்டும். மின்சாரக் கட்டணத்துக்குப் பயந்து நாளுக்கு இரண்டு மணித்தியாலம் மட்டும் ஓடவிட்டதுதான் சித்தப்பா வீட்டில் பாசி பிடிக்க அரைவாசிக் காரணம். செத்த பாசி வடிகட்டியின் மணலில் போய் அடைபடும். அமுக்கமானி ஏறும்போதெல்லாம் மணலைப் பின்னோக்கிக் கழுவவேண்டும். மறுநாள் தண்ணீர் பச்சையிலிருந்து சாம்பல் கலந்த நீலமாக மாறியிருக்கும். நல்ல அறிகுறி. பாசி செத்துவிட்டது, இனி அதை வெளியே எடுக்கவேண்டும். குளோரினைச் சோதித்துக் குறைந்திருந்தால் மீண்டும் போடவேண்டும். பொழுதுபட்டபின் அளந்த குளோரின் விடியும்வரை ஏறத்தாழ அப்படியே நின்றால், அதைத் தின்ன உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம். அதுவரை யாரும் இறங்கக்கூடாது. குளோரின் வழமையான அளவுக்கு இறங்கும்வரையும் காத்திருக்கவேண்டும்.

சோதனைப் பெட்டியில் ஒரு சூழ்ச்சி உண்டு. இளஞ்சிவப்பாக மாறும் வகைச் சோதனையில், குளோரின் மிக அதிகமாக இருந்தால் அது நிறத்தையே வெளுக்கச் செய்துவிடும். நிறம் இல்லை, ஆகவே குளோரின் இல்லை என்று நினைத்து மேலும் கொட்டுவார்கள். சந்தேகம் வந்தால் தடாகத் தண்ணீரோடு சம அளவு குளோரின் இல்லாத தண்ணீர் கலந்து மறுபடி பார்க்கலாம்.

பாசிக்கொல்லி என்று நீல நிறத் திரவம் ஒன்றையும் விற்பார்கள். அவற்றில் பல செம்பு கலந்தவை. தோட்டக்காரருக்குத் தெரிந்த மயில்துத்தத்தின் உறவு. பாசியைக் கொல்லும்தான். ஆனால் எங்கள் கடினநீரில் செம்பு படிந்து சுவரில் கறையாகும். பொன்னிற முடிக்காரர்கள் தடாகத்தில் குளித்தால் முடி பச்சையாவதும் குளோரினால் அல்ல, இந்தச் செம்பால்தான். குளோரினும் பிஎச்சும் ஒழுங்காக இருந்தால் இது தேவையே இல்லை என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் புகை

தம்பியின் வாளியிலிருந்து கிளம்பியது குளோரின் வாயு. குளோரின் தூளோடு அமிலம் சேர்ந்தால் அது உடனே வெளிவரும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஜேர்மன் படை பதுங்குகுழிகளில் இருந்தவர்கள் மீது விட்டதும் இதே வாயுதான். காற்றைவிடப் பாரமானது, தாழ்வான இடத்தில் தேங்கும். பம்ப் அறைகள் பெரும்பாலும் தாழ்வாக, யன்னல் இல்லாமல் கட்டப்பட்டவை. தம்பி முற்றத்தில் நின்று கலந்ததால் தப்பினார்.

இடம்பெயர்ந்து முகாம்களில் இருந்த எங்களுக்கு குளோரின் மணம் புதிதல்ல. பவுசர் தண்ணீரில் அது இருந்தது. அந்தப் பழக்கமே ஒருவித அலட்சியத்தையும் தந்திருக்கிறது. குடிக்கிற தண்ணீருக்குப் போடுவதுதானே, என்ன செய்யும் என்ற நினைப்பு. தண்ணீரில் கரைந்த ஒரு துளி வேறு, வாளியில் இருக்கும் தூள் வேறு.

ஆகவே தடாக வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் இவை தெரிந்திருக்கவேண்டும். அமிலமும் குளோரினும் ஒரே வாளியில், ஒரே அலுமாரியில் இருக்கக்கூடாது. தூள் குளோரினையும் மெதுவாகக் கரையும் வில்லையையும்கூடச் சேர்க்கக்கூடாது. இரண்டும் குளோரின்தானே என்று தோன்றும், ஆனால் ஈரம் பட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். ஒன்றுக்குப் பாவித்த பேணியை மற்றதுக்குப் பாவிக்கக்கூடாது. கரைக்கும்போது வாளி நிறையத் தண்ணீர் எடுத்து அதற்குள் தூளைப் போடவேண்டும், தூளின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. கையுறையும் கண்ணாடியும் வேண்டும். வாயு பட்டால் உடனே காற்றோட்டமான இடத்துக்குப் போகவேண்டும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீரால் கழுவவேண்டும். மூச்சு முட்டினால் வைத்தியசாலை. சில மணித்தியாலம் கழித்தும் நுரையீரலில் நீர் கோக்கலாம் என்பதால், இருமல்தானே என்று விடுவது ஆபத்து.

வேலைக்கு வைத்திருப்பவர்கள் வெளிநாட்டிலிருந்து இதை வாசித்தால், ஒரு சோடிக் கையுறைக்கும் முகக்கவசத்துக்கும் ஆகும் செலவு தடாகத்தில் ஒரு ஓட்டின் விலை அளவுகூட வராது என்பதைச் சொல்லிவைக்கிறேன்.

அடி தெரியாத தண்ணீர்

பச்சைத் தண்ணீரின் முதல் ஆபத்து பாசியல்ல, மறைப்பு. 2011 ஜூனில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஃபோல் ரிவர் நகரின் பொதுத் தடாகம் ஒன்றில் ஒருவர் மூழ்கிப்போனார். தண்ணீர் கலங்கியிருந்தது. அவர் அடியில் கிடப்பது தெரியாமல் இரண்டு நாட்கள் மற்றவர்கள் அதே தண்ணீரில் நீந்தினார்கள். உயிர்காப்பாளர்களும் இருந்தார்கள், பரிசோதகர்களும் வந்துபோனார்கள்.

கரையில் நின்று பார்க்கும்போது மிக ஆழமான இடத்தின் அடியில் இருக்கும் வடிகால் மூடி தெளிவாகத் தெரியவேண்டும். தெரியாவிட்டால் அந்தத் தடாகம் மூடப்படவேண்டும். கருவி எதுவும் தேவையில்லாத சோதனை இது. விடுதிக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள் அறைக்குள் போகமுன் இதை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். குளோரின் மணம் மூக்கைத் துளைக்கிறது, ஆகவே சுத்தம் என்றும் நினைக்கவேண்டாம். அந்தக் காட்டமான மணம் வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உருவாகும் குளோரமைனின் மணம். குளோரின் போதவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது.

பூட்டிய வீடுகள்

சித்தப்பா வீட்டிலாவது ஒரு தம்பி இருக்கிறார். வருடத்தில் மூன்று கிழமை மட்டும் திறக்கும் வீடுகளும் இருக்கின்றன. 2007 இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்ட் என்ற இடத்தில் கடன் கட்ட முடியாமல் மக்கள் கைவிட்ட வீடுகளின் தடாகங்கள் பச்சையாகி, நுளம்பு பெருகி, வெஸ்ட் நைல் வைரசு நோயாளர் தொகை பலமடங்கு கூடியது. வானிலிருந்து எடுத்த படங்களில் பச்சைத் தடாகங்களை எண்ணித்தான் பிரச்சினையின் அளவைக் கண்டுபிடித்தார்கள். அங்கே ஆட்களைத் துரத்தியது கடன். எங்கள் வீடுகள் பூட்டிக் கிடப்பதற்கான காரணம் வேறு. நுளம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

வடகீழ்ப் பருவமழையோடு யாழ்ப்பாணத்தில் டெங்கு ஏறுவது வருடாந்த வழமை. நுளம்பு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏழு தொடக்கம் பத்து நாட்கள் போதும். மலேரியா அற்ற நாடு என்று 2016 இல் இலங்கை சான்று பெற்ற சில மாதங்களுக்குள், மன்னாரில் கிணறுகளில் வளரும் புதுவகை மலேரியா நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டதையும் மறக்கக்கூடாது. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்பு பெருகுதலைத் தடுக்கும் சட்டத்தின்படி வளவில் நுளம்பு பெருகாமல் பார்ப்பது வீட்டுக்காரரின் கடமை. பராமரிக்க முடியாத தடாகத்தில் கப்பி மீன் விடலாம், ஆனால் அதன்பிறகு குளோரின் போடக்கூடாது.

வெறுமையாக்கி விட்டுப் போகலாமே என்றால், அதிலும் இரண்டு சிக்கல்கள். மார்கழியில் எங்கள் கிணறுகள் கை எட்டும் அளவுக்கு நிரம்பும். அந்த நேரத்தில் வெறுமையாக இருக்கும் தடாகத்தை நிலத்தடி நீர் கீழிருந்து தள்ளி வெடிக்கவைக்கும், சிலவேளை தோணிபோல மேலே தூக்கியும் விடும். இரண்டாவது, வெளியேற்றும் தண்ணீர் எங்கே போகிறது என்பது. சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஊற்றியது வடிகட்டப்படாமலே வெடிப்புகள் வழியாகக் கிணற்றுக்கு இறங்கிவிடும். குளோரின் என்றால் மருந்து நிறுத்திச் சில நாள் வெயிலில் விட்டால் போய்விடும். செம்பும் சயனூரிக் அமிலமும் அப்படிப் போகாது. சுன்னாகத்தில் கழிவு எண்ணெய் கிணறுகளுக்குள் போனபோது பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. தடாகத் தண்ணீரைக் கிணற்றுக்கு அருகிலோ பக்கத்து வளவை நோக்கியோ திறந்துவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக, தூரத்தில் விடவேண்டும்.

சித்தப்பாவின் தடாகம் தெளிய ஆறு நாட்கள் எடுத்தது. தம்பியை நான் வற்புறுத்தி வைத்தியசாலைக்கு அனுப்பினேன், நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்துப் பிரச்சினையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். சித்தப்பாவுக்கு முழுக்கதையையும் நானே சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அவன் ஏன் எனக்குச் சொல்லேல்லை?” என்று கேட்டார். அதற்கான பதிலை அவர் வந்திறங்கிய பிறகு தம்பியிடமே கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். அசிட் கான் இப்போது பம்ப் அறையில் இல்லை, வெளியே தனிப் பெட்டியில் பூட்டி இருக்கிறது. சுவரில் ஒரு கொப்பித் தாள் ஒட்டியிருக்கிறது: திகதி, குளோரின், பிஎச், போட்ட அளவு. தம்பியின் கையெழுத்து என்னுடையதைவிட நல்லது.